இரண்டு விளக்குகளுக்கு நடுவே அப்பா

ஓசியில் கிடைக்கிற எதையும் அப்பா நம்பியதில்லை. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவருக்கு அந்தப் புத்தி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆடி மாதம் வந்தால் ‘குடம் வாங்கினால் டம்ளர் இலவசம்’ என்று அவரே அட்டை எழுதித் தொங்கவிடுவார். அந்த டம்ளரின் விலை குடத்தின் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆகவே, இன்டர்நெட்டில் நம் கடைக்கு ஒரு பக்கம் போடலாம், செலவே கிடையாது, அமெரிக்கக் கம்பெனி ஒன்று சும்மாவே இடம் கொடுக்கிறது என்று நான் சொன்னபோது அவர் தன் திருநெல்வேலிப் பேச்சில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“சும்மா குடுக்கவன் எதட்டி எடுத்துக்கிடுவான்?”

விளம்பரம் போட்டுக்கொள்வான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த நேரம். எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். பிளைவுட் தடுப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். மோடம் கத்தி முடித்து, ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குள் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் நான் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன்.

கடையில் என் வேலை பில் போடுவது. சரியாகச் சொன்னால் அது என் அண்ணனுக்கு என்று வைத்திருந்த நாற்காலி. அண்ணன் இன்ஜினீயரிங் முடித்தான். மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறேன் என்றான். அப்பாவுக்கு அது கடையை எட்டி உதைத்த மாதிரி. கிளம்புகிற அன்று, கடைவாசலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அப்பா அவனிடம் சொன்னார்: “போறவன் போயிரணும்ல. நான் செத்தேன்னாலும் நீ வரக் கூடாது. கொள்ளி வைக்கவும் வராத.”

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. முதலில் இருந்த ஊரிலிருந்தும் மாறிப் போய்விட்டான் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டோம். அவன் போன மறுவாரம் அப்பா என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். “அவன் வாற வரைக்கும் பாத்துக்கோ” என்றார். வரக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். நான் பி.காம். படித்தவள், பில்லில் ஒரு தப்பு விட்டதில்லை, சரக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இருந்தும் வருடக்கணக்காக நான் அவன் வாற வரைக்கும்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைப்பதில் இப்போது பிரயோசனம் இல்லை.

இலவசம் என்றதும் சந்தேகப்பட்டவர் ஒரு வாரம் கழித்து அவராகவே கேட்டார். “நீ சொன்ன அந்தப் பக்கம், அமெரிக்காவுல இருக்கவங்களும் பாக்கலாமா?”

“எங்க இருக்கறவங்களும் பாக்கலாம்ப்பா.”

“அப்ப போட்டு வை. லீவுக்கு ஊருக்கு வாறவங்க குத்துவிளக்கு வாங்க வருவாங்கள்லா” என்றார். வியாபாரத்துக்குத்தான் என்று அன்றைக்கு நானும் நம்பினேன்.

மாடியில் சென்டர் நடத்தியவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாகத் தட்டுவார். அப்பாவை அவர் முன் உட்காரவைத்தேன். கம்பெனி கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“மொதலாளி, இங்க ஒண்ணு கேக்கறான். சொந்த உபயோகமா, யாவாரமான்னு. சொந்தம்னா ஃபிரீ. யாவாரம்னா மாசாமாசம் டாலர் கட்டணும். கிரெடிட் கார்டு கீதா?”

கிரெடிட் கார்டு எங்கள் தெருவிலேயே யாரிடமும் கிடையாது.

“ஃபிரீயில கடையப் பத்திப் போட்டா இன்னா பண்ணுவான்?” என்று நான் கேட்டேன். சென்னையிலேயே பிறந்ததால் எனக்கு அப்பாவின் பேச்சும் வரும், இந்த மெட்ராஸ் பேச்சும் வரும்.

“பாத்தான்னா தூக்கிடுவான். சொல்லாம கொள்ளாம பக்கமே காணாம பூடும்.”

அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். பழைய பித்தளையைக் கையில் வாங்கி, இதற்கு எவ்வளவு போடலாம் என்று யோசிக்கும்போது அவருக்கு அதே முகம்தான். கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி எனக்கு அப்போது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கடையைப் பற்றிப் போட்டால்தானே வியாபாரம்? கடைக்காரரைப் பற்றிப் போட்டால்? அது சொந்த உபயோகம்தானே? அவர் படம், அவர் ஊர், அவர் சென்னைக்கு வந்த கதை. நடுவில் எங்காவது கடைப் பெயரும் தெருப் பெயரும் தானாக வந்துவிட்டுப் போகட்டும்.

“சரக்க எப்படிப்பா காட்டறது?” என்றேன்.

“என் படத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு குத்துவிளக்க வையி. கேட்டா அலங்காரம்னு சொல்லு.”

கடையில் உள்ளதிலேயே நல்ல ஜோடி, அன்னம் வைத்தது, நாச்சியார்கோவில் சரக்கு. அதைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்பாவின் படத்துக்கு வியாபாரிகள் சங்கத்து விழாவில் எடுத்தது ஒன்று இருந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனப் பொட்டு, சிரிக்காமல் நேராகப் பார்க்கிற பார்வை. சென்டர்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“எரியற மாதிரியே சுடர் கீதும்மா. அதுவும் ஃபிரீ. வெச்சிடவா?”

வைத்தார். பித்தளை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பின்னணியைக் கருப்பாக்கினார். சுற்றிலும் பூ வேலைப்பாடு உள்ள ஒரு பார்டர், அதுவும் இலவசம். அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற எண், பார்த்தவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போக ஒரு இடம். எல்லாமே சும்மா. கீழே நான் இங்கிலீஷில் அப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தது, வெறுங்கையோடு வந்தது, உழைத்தது, யாருக்கும் கடுஞ்சொல் சொல்லாதது. கடைசியாகச் சொன்னது முழுப் பொய். கடையைப் புகழக் கூடாது என்பதால் ஆளைப் புகழ்ந்தேன், அவ்வளவுதான்.

கருப்பில், பூக்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் விளக்கெரிய, பொட்டு வைத்த அப்பா. இதைப் படிக்கிற யாருக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. குத்துவிளக்கைப் பார்த்தால் எங்களுக்கு எடை தெரியும், செய்கூலி தெரியும். அதற்கு மேல் அதில் வேறு எதையும் பார்க்க நாங்கள் பழகியிருக்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

முதல் போன் மஸ்கட்டிலிருந்து வந்தது. காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில். போனை அப்பாவே எடுத்தார். தூரத்துச் சொந்தத்தில் மருமகன் முறை ஆகிறவன், எடுத்தவுடனே அழ ஆரம்பித்துவிட்டான்.

“மாமா போயிட்டாங்கன்னு இப்பதான் கம்ப்யூட்டர்ல பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லலையே. அத்தைட்ட குடுங்க. ஆமா, நீங்க யாரு பேசுதீங்க?”

“போன மாமாதாம்ல பேசுதேன்” என்றார் அப்பா.

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

அன்றைக்கு மதியம் அப்பா கடையை என்னிடம் விடவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினார். பக்கத்தின் அடியில் வரிசையாக எழுதியிருந்தார்கள். ஆழ்ந்த அனுதாபம், ஆத்மா சாந்தியடையட்டும், குடும்பத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: தன் கல்யாணப் பாத்திரம் முழுவதும் அந்தக் கடையில்தான் எடுத்தது, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று பெரியவர் ஒரு பாலாடைச் சங்கைச் சீர்ப்பாத்திரத்தோடு போட்டுக் கொடுத்தார், அந்தச் சங்கில்தான் இரண்டு பிள்ளைகளும் குடித்தார்கள்.

“இவ யாருன்னே தெரியலயே” என்றார் அப்பா. மறுபடி படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். “இவ்வளவு நல்லவனாட்டி நான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறவரைப் பற்றி இத்தனை நல்லதை ஒருசேர யாரும் சொல்லமாட்டார்கள். அவர் தன் அறுபது வயதுக்குள் கேட்காத வார்த்தைகள் எல்லாம் அந்தக் கருப்புத் திரையில் இருந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதியவர்களின் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்ப்பா.”

“மொதலாளி, ஒரு நிமிசத்துல மாத்திடறேன்” என்றார் சென்டர்காரர். அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. “வெளக்க தூக்கிடலாம். மேல ஒரு வரி போட்டுடலாம், நல்லா கீறார்னு.”

“இருக்கட்டும்” என்றார் அப்பா.

எதற்கு இருக்க வேண்டும், எத்தனை நாளைக்கு இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யார் பெயர் அதில் இல்லை என்று எனக்கும் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் இருப்பவர்களும் பார்க்கலாமா என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அம்மா அப்படிச் சும்மா விடுகிறவள் இல்லை. அந்தப் பக்கத்தை ஒரு தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் தாளைக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டாள். மறுநாளிலிருந்து அவள் நெற்றிப் பொட்டு பெரிதாக ஆரம்பித்தது. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்து, எதிர்முனையில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே, “இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க நல்லா இருக்கீகளா?” என்று கத்துவாள். ஒருநாள் அப்பாவின் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“அவன் வாறானா இல்லையான்னு பாக்கதுக்கு நீங்க சாவணுமா? ஒரு வார்த்தை வாடான்னு கூப்பிட்டா ஆகாதா?”

“எங்கன்னு கூப்பிட?”

“கூப்பிட மனசிருந்தா இத்தன வருசத்துல அட்ரஸ் கிடைச்சிருக்காதாக்கும்?”

அப்பா தட்டில் கை வைக்காமல் எழுந்துவிட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தத் தட்டில் இருந்ததைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடமாடியது யார் என்று எனக்கே சில நேரம் சந்தேகமாக இருந்தது. அப்பாவின் குரல் தாழ்ந்தது. வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவது நின்றது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். கடையில் கல்லாவுக்கு மேலே தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. காலையில் ஊதுபத்தி காட்டும்போது, அதற்குப் பக்கத்தில் இருந்த வெறுஞ்சுவரையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். மதியம் என்னை மாடிக்கு அனுப்புவார். திரும்பி வந்ததும் கேட்பார்.

“அவருக்கு இன்னைக்கு யாராவது எழுதியிருக்காங்களா?”

அவருக்கு என்றுதான் கேட்பார். எனக்கு என்று கேட்டதில்லை. முதல்முறை அதைக் கேட்டபோது கையிலிருந்த பில் புத்தகத்தைக் கீழே போட்டேன். போகப்போக நானும் “அவருக்கு ஒண்ணும் இல்லப்பா” என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன். பயத்துக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நாளில் எழுதுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டு மறந்தார்கள், தெரியாதவர்கள் அழுதுவிட்டு மறந்தார்கள். ஆனால் அடியில் இருந்த எண் மட்டும் நிற்கவில்லை. நான் போகும்போதெல்லாம் ஏறியிருந்தது. ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவைகூட. ஒரு மதியம் அப்பாவே என்னோடு வந்து பார்த்தார்.

“யாரோ பாத்துகினே கீறாங்க மொதலாளி” என்றார் சென்டர்காரர். “ஒண்ணும் எழுதாம பாத்துட்டு பூடறாங்க.”

“யாருன்னு தெரியாதா?”

“தெரியாது. இந்த ஃபிரீயில அதெல்லாம் காட்டமாட்டான்.”

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சுடர்களும் ஒரே மாதிரி ஆடின. நிஜச் சுடர் அப்படி ஆடாது. காற்றுக்குத் தகுந்த மாதிரி ஆடும். இவை திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்ந்து ஒரே மாதிரி நிமிர்ந்தன. அப்போது சட்டென்று கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்று, விளக்கு அணைந்து, திரை வெறுங்கருப்பானது. ஜன்னல் வெளிச்சத்தில் அதில் அப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. படம் இருந்த அதே இடத்தில், அதே அளவில். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஆடி அமாவாசைக்கு அப்பா வருடம் தவறாமல் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவார், தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க. அந்த வருடம் என்னையும் கூட வரச் சொன்னார். விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தோம். மணலில் கும்பல் கும்பலாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளி ஊரூர்க் குப்பத்துப் பக்கம் படகுகள் கரையேறியிருந்தன. பெண்கள் கூடையில் மீனைப் பிரித்துப் போட்டுக்கொண்டே எங்கள் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். அப்பா சடங்கை முடித்து, கடலில் முங்கி, ஈர வேட்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“நான் செத்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டு அவன் இன்னைக்கு எங்கயாவது எள்ளுந் தண்ணியும் விடுவானாட்டி?”

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

“விட்டான்னா அது யாருக்குப் போகும்? நான்தான் இங்க நிக்கேனே.”

எனக்குப் பயமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. “எனக்கெப்படித் தெரியும்? என்னை யாரும் விடச் சொல்லப் போறதில்லை. உங்க மகன் வந்தா அவனக் கேளுங்க” என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, “பாத்திருப்பான். பாத்துட்டுத்தான் வராம இருக்கான். சொன்ன சொல்லக் காப்பாத்துதான்” என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, நொந்து சொன்னாரா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஆவணி பிறந்தது. முகூர்த்த நாள்கள் நெருங்க, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு மாலை அப்பா கல்லாவில் இருந்தார். அவருக்கு வலமும் இடமும் அன்னம் வைத்த அந்த ஜோடி விளக்குகளை விற்பனைக்கு எடுத்து வைத்திருந்தோம். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

கடைப்படிக்குக் கீழே, தெருவில், ஒருவன் தோளில் பையோடு நின்றிருந்தான். முதலில் கண்ணில் பட்டது தலைதான். மொட்டை போட்டு வளர்ந்துகொண்டிருக்கிற முடி, மீசையும் அப்படித்தான் இப்போது முளைத்தது. எங்கள் தெருவில் அதைப் பார்க்கிற எவருக்கும் விளக்கம் தேவையில்லை. வீட்டில் ஒரு சாவு, செத்தது அப்பா, இவன் மூத்த மகன். முகம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் படியேறவில்லை. இரண்டு விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபடியே நின்றான். அவன் உதடு வெளுத்துவிட்டது. பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

அப்பா எழுந்தார்.

“ஏல. யாருக்குல மொட்டை போட்ட?”

“உங்களுக்குத்தான்ப்பா” என்றான் அண்ணன்.

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள் கையிலிருந்த சொம்பைத் தரையில் போட்டாள். அது உருண்டு போய் நிற்கும்வரை கடையில் ஒருவரும் அசையவில்லை.

“வரக் கூடாதுன்னு சொன்னேனே.”

“அதான் வரல. காரியம் எல்லாம் முடிஞ்சிருக்கும்னு இப்ப வந்தேன். அம்மாவப் பாக்க.”

அப்பா கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டு இறங்கிப் போனார். அவனுடைய தலையில் கையை வைத்தார். முள்முள்ளாகக் குத்தியிருக்கும். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவன் உடம்பு பின்னால் ஒரு அடி விலகியதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

வீட்டில் அம்மா அந்தத் தலையைப் பார்த்ததும் ஓவென்று கத்தினாள். பிறகு அவனை அடித்தாள். பிறகு அப்பாவையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே அவனுக்குத் தோசை வார்த்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதெல்லாம் அம்மாவிடமும் என்னிடமும்தான். வீட்டு ஞாபகம் வரும்போது கடைப் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தேடிப் பார்ப்பானாம். எப்போதும் ஒன்றும் வராது. ஒருநாள் வந்தது, விளக்கோடு.

“யாரும் சொல்லல. எனக்குச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன்” என்றான்.

அந்த ஊரில் முடிவெட்டுகிறவர் ஏன் இவ்வளவு முடியையும் எடுக்க வேண்டும் என்று கேட்டாராம், இவனுக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லையாம். வீட்டில் விளக்கு கிடையாது. செத்தவர் வீட்டில் விளக்கு அணையக் கூடாது என்று மட்டும் ஞாபகம் இருந்தது. ஆகவே அந்தப் பக்கத்தைத் திறந்து அப்படியே எரியவிட்டிருக்கிறான். லைன் அறுந்தால் மறுபடி இணைப்பு போட்டுத் திறப்பான். வேலைக்குப் போய்வந்ததும் முதல் வேலை அதுதான். தூக்கத்தில் முழித்தாலும் எழுந்து போய் எரிகிறதா என்று பார்ப்பான். திறக்கத் திறக்க அடியில் எண் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, இங்கே நாங்கள் உட்கார்ந்து யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

அண்ணன் இருந்த நாள்களில் அவன் அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்று செய்ததாகத் தோன்றவில்லை. அவனால் முடியவில்லை. அப்பா ஹாலுக்கு வந்தால் அவன் கண் தரைக்குப் போய்விடும். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடும். ஒருநாள் அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனதைப் பார்த்துவிட்டு, என் காதோடு, “நிஜமாத்தான் இருக்காங்களாடி?” என்று கேட்டான். படித்தவன், கெட்டிக்காரன், அப்படிக் கேட்டான். அப்பாவுக்காகத் தனியாக அழுது, தனியாகத் தலைமுழுகி முடித்திருந்தான். அந்த அழுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஒரு வழியும் இல்லை. கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டான். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான், படத்தைக் கும்பிடுகிற மாதிரி, நிமிர்ந்து பார்க்காமல்.

மறுநாள் அப்பா என்னோடு மாடிக்கு வந்தார். “எடுத்துரு” என்றார். சென்டர்காரர் தட்டினார். ஏன் மூடுகிறீர்கள் என்று கம்பெனி ஒரு கேள்வி கேட்டது. எதையோ ஒன்றை அமுக்கினோம். கடைசியாக ஒருமுறை அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி அப்பா பார்த்தார். பொட்டு வைத்த முகம், இரண்டு சுடர், யாருக்கும் கடுஞ்சொல் சொல்லாதவர் என்கிற வரி.

“நல்ல மனுசன்” என்றார்.

திரை வெள்ளையானது. படியிறங்கிக் கடைக்கு வந்தோம். அவர் கல்லாவில் உட்கார்ந்தார், நான் என் இடத்தில். வெயில் இறங்கும்வரை வியாபாரம் பார்த்தோம். பிறகு அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவனுக்கு நான் முடிஞ்சு போயிட்டேன்ட்டி. எல்லாஞ் செஞ்சு முடிச்சுட்டான். இனி வந்தாலும் என்னப் பாக்க வரமாட்டான்.”

வருடக்கணக்காக நான் அவரிடம் கோபத்தில் நூறு சொல்லியிருக்கிறேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

“எனக்கு நீங்க உயிரோடதான்ப்பா இருக்கீங்க. இத்தன நாளும் இங்கதான உக்காந்திருக்கேன்?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்ப்பவர் போலப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். வாசலில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் ஏறி வந்தது.

“சரி சரி, பில்லப் போடு” என்றார். “ஆள் நிக்காங்க பாரு.”

பழைய குரலில், எரிந்து விழுந்துதான் சொன்னார். நான் பில் புத்தகத்தைத் திறந்தேன். அவன் வாற வரைக்கும் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.